மார்க் சேர்ந்தால் போதுமா? பைக் இன்ஜினில் கேம் டைமிங்கைச் சரிபார்ப்பது பற்றி

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அல்சூர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராம்புரம் பக்கம் சந்துகளில் நடந்தால், எங்காவது ஒரு வாசலில் பாதி பிரித்த பைக் நிற்கும். சிவாஜிநகரிலோ ஜே.சி. ரோட்டிலோ வாங்கிய பிஸ்டன் செட், லேத்தில் போர் பண்ணிக் கொண்டுவந்த பிளாக், பெட்ரோலில் கழுவிய ஹெட் எல்லாம் பழைய செய்தித்தாள் மேல் பரப்பியிருக்கும். ரிங்கின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும் என்றெல்லாம் ஆளுக்கு ஆள் விவரமாகப் பேசுவார்கள். கேம் டைமிங், அதாவது பிஸ்டனின் ஓட்டத்தோடு வால்வு திறந்து மூடும் நேரத்தைப் பொருத்துவது, என்று வந்தால் மட்டும் பேச்சு இரண்டே வரியில் முடிந்துவிடும்.

"டைமிங் வச்சிட்டியா மச்சா?"

"வச்சாச்சு, மார்க் சேர்ந்துடுச்சு."

இந்த இரண்டு வரிக்குள் ஏகப்பட்ட தப்பெண்ணங்கள் இருக்கின்றன. செயினை மாட்டும்போது சக்கரங்களில் பொறித்த மார்க் சேர்ந்திருந்தால் டைமிங் சரி என்பது ஒன்று. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால் டைமிங் சரி என்பது இன்னொன்று. கேமைத் தலைகீழாக மாட்டினால் வால்வு வளைந்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துவார். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் நல்ல எண் காட்டினால் டைமிங்கைப் பார்க்கவே வேண்டாம் என்பார் இன்னொருவர். இதில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை. ஏன் இல்லை என்பதை அடியிலிருந்து பார்த்துவிடுவோம். ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி போல டைமிங் செயின் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்கள் நிம்மதியாக வேறு வேலை பார்க்கலாம், அது டூ ஸ்ட்ரோக், அதில் கேம் ஷாஃப்ட்டே கிடையாது.

## முதலில் ஒரு சுவர்க் கடிகாரம்

கடிகாரத்தின் இரண்டு முள்ளையும் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முள்ளை 12-க்கு நேராக வைத்துவிட்டீர்கள். சின்ன முள்ளை எங்கே வைப்பது? 3, 7, 10 என்று எந்த எண்ணுக்கு நேராக வைத்தாலும் பிரச்சினையில்லை, பிறகு திருகித் திருகிச் சரியான மணிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் 3-க்கும் 4-க்கும் நடுவில் குத்திவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனை சுற்று திருகினாலும், பெரிய முள் 12-ல் நிற்கும்போது சின்ன முள் எந்த எண்ணுக்கும் நேராக வராது. உள்ளே இருக்கும் பல் சக்கரம் எதுவும் கெடவில்லை, எல்லாம் நன்றாகத்தான் சுற்றுகிறது. இரண்டு முள்ளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொருத்தம் மட்டும் போய்விட்டது.

கேம் டைமிங் என்பதும் இந்தப் பொருத்தம்தான். பெரிய முள்ளின் இடத்தில் கிராங்க், சின்ன முள்ளின் இடத்தில் கேம். கடிகாரத்தில் பெரிய முள் 12 சுற்று சுற்றினால் சின்ன முள் 1 சுற்று. இன்ஜினில் கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று. கணக்கில் வித்தியாசம் அவ்வளவே.

## இன்ஜினுக்குள் நடப்பது

கிராங்க் என்பது பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. கேம் ஷாஃப்ட் என்பது சிலிண்டருக்கு மேலே உட்காரும் ஹெட்டுக்குள் சுற்றும் இன்னொரு தண்டு. அதில் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளை லோப் என்பார்கள். லோப் ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும், லோப் கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை இழுக்கும், மேலே ஏறி அதை அமுக்கும், பொறி விழுந்து எரிந்ததும் அந்த அழுத்தத்தில் கீழே தள்ளப்படும், மறுபடி மேலே ஏறிப் புகையை வெளியேற்றும். மொத்தம் நாலு ஓட்டம், கிராங்குக்கு இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி. ஒவ்வொரு வால்வும் இந்த இரண்டு சுற்றில் ஒரே ஒரு முறை திறந்தால் போதும். கேம் பாதி வேகத்தில் சுற்றுவதற்குக் காரணம் இதுதான். பாதி வேகம் கிடைப்பதற்காகத்தான் கேமின் பல் சக்கரத்தில் பொதுவாகக் கிராங்கில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு பற்கள் இருக்கும்.

வால்வுகள் ஓட்டம் தொடங்கும் கணத்தில் திறந்து முடியும் கணத்தில் மூடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு, ஓடத் தொடங்கவும் நிற்கவும் அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் உள்வால்வு, அதாவது கலவை உள்ளே வரும் வழியிலுள்ள இன்லெட் வால்வு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே திறந்து, பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் மூடும். எக்ஸாஸ்ட் வால்வும் அப்படியே, பிஸ்டன் அடிமட்டம் தொடும் முன்பே திறந்து உச்சியை ஒட்டித்தான் மூடும். ஆகவே எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் அந்த உச்சியில் இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும் நேரம் ஒன்று உண்டு. அதற்கு ஓவர்லேப் என்று பெயர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு சோதனைக்கு உதவும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கேம் எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைப் பற்களின் எண்ணிக்கையே பார்த்துக்கொள்ளும், அதில் நாம் தப்புப் பண்ணவே முடியாது. பிஸ்டன் எங்கே இருக்கும்போது கேம் எங்கே இருக்க வேண்டும் என்பதை மட்டும் செயினை மாட்டும் ஆள்தான் தீர்மானிக்கிறார்.

## ஒரு பல் தவறினால் எவ்வளவு பெரிய தவறு?

கேம் சக்கரத்தில் 32 பல், கிராங்கில் 16 பல் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும், கணக்கு மாறாது. ஒரு சுற்று 360 டிகிரி, அதை 32-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 11.25 டிகிரி. இது கேமின் டிகிரி. கிராங்க் இரண்டு மடங்கு சுற்றுவதால் பிஸ்டன் கணக்கில் அது 22.5 டிகிரி. ஒரேயொரு பல்தானே என்று விட முடியாத அளவு இது.

கேம் ஒரு பல் பின்தங்கினால் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். சில்க் போர்டு சிக்னலில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது வண்டி மூச்சுத் திணறும், பாதி கிளட்சிலேயே ஓட்ட வேண்டியிருக்கும், கார்பரேட்டர் பக்கம் தும்மலாம், இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாகலாம். ஆனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், பலமுறை ஓடவும் செய்யும். 'ஸ்டார்ட் ஆனால் சரி' என்பது செல்லாது என்று சொன்னது இதனால்தான். ஒரு பல் தவறிய வண்டிக்கு கார்பரேட்டரை மாற்றி, ப்ளக்கை மாற்றி, கடைசியில் புது ரிங்கையே குறைசொல்லிக்கொண்டு திரிபவர்கள் நிறைய பேர்.

தவறு இன்னும் பெரிதானால் திறந்த வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரும். வால்வு வளையும். அந்த எல்லை எத்தனை பல் என்பது வண்டியைப் பொறுத்தது, கிக்கரை மிதித்துக் கண்டுபிடிக்கக் கூடாத விஷயம் அது.

## 'டாப்' என்றால் எந்த மார்க்?

பிஸ்டன் ஏறக்கூடிய உச்ச நிலையை மெக்கானிக்குகள் டாப் என்பார்கள், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இடது பக்கம் கிராங்கின் நுனியில் உள்ள மேக்னெட் சக்கரத்தில் இதற்கென்று ஒரு கோடும் பக்கத்தில் ஆங்கில 'டி' எழுத்தும் இருக்கும். அந்தக் கோடு கவரிலோ கிராங்க் கேஸிலோ உள்ள வெட்டுக்கு நேராக நின்றால் பிஸ்டன் டாப்பில் இருக்கிறது.

பல வண்டிகளில் அதற்குப் பக்கத்திலேயே 'எஃப்' எழுத்துடன் இன்னொரு கோடும் இருக்கும். அது ஐடிலிங்கில் பொறி விழும் இடம். பொறி எப்போது விழ வேண்டும் என்பது வேறு விஷயம், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பது வேறு விஷயம். பேச்சில் இரண்டையும் ஒரே மூச்சில் டைமிங் என்றுவிடுவதால், புதிதாகக் கற்பவர் எஃப் கோட்டை வெட்டுக்கு நேராக வைத்துக் கேமை மாட்டிவிடுவதும் நடக்கிறது.

அப்படி மாட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள், இது கொஞ்சம் சுவாரசியமான விஷயம். இன்ஜின் சுற்றும் திசையில் முதலில் எஃப் வரும், பிறகுதான் டி. இரண்டுக்கும் நடுவில் 15 டிகிரி என்று வைத்தால், கேமில் அது ஏழரை டிகிரி, அதாவது முக்கால் பல்லுக்குச் சற்றுக் குறைவு. எஃப் கோட்டில் கிராங்கை நிறுத்திச் செயினை ஒழுங்காக மாட்டினால் கேம் சக்கரத்திலுள்ள மார்க் ஹெட்டிலுள்ள அடையாளத்துக்கு நேராக வராமல் அந்த அளவு பின்னால் நிற்கும். பார்ப்பவருக்கு அது தப்பாகத் தெரியும், அடுத்த பல்லுக்குத் தள்ளுவார். இப்போது மார்க் கிட்டத்தட்ட சேர்ந்த மாதிரி இருக்கும். விளைவு, கேம் ஒரு பல் முந்திக்கொண்டது, ஆனால் மாட்டியவர் மார்க் சேர்ந்துவிட்டது என்று சத்தியம் செய்வார்.

டி மார்க்கையேகூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. மேக்னெட்டைக் கிராங்கோடு சரியான இடத்தில் பிடித்து வைப்பது ஒரு குட்டி மேக்னெட் கீ. அது நசுங்கியோ வெட்டுப்பட்டோ இருந்தால் மேக்னெட் திரும்பிப்போய் டி மார்க் பொய் சொல்லும். சந்தேகம் இருந்தால் ஹெட் மாட்டும் முன்பே சோதித்துவிடலாம். பிளாக் அசையாமல் பிடித்துக்கொண்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து 5 மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது மேக்னெட்டில், வெட்டுக்கு நேராக, ஒரு கோடு போடுங்கள். உச்சியைத் தாண்டி இறங்கி அதே 5 மில்லிமீட்டரில் நிற்கும்போது இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் இருப்பதுதான் உண்மையான டாப். டி மார்க் அங்கே இருக்க வேண்டும். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது கிராங்க் பல டிகிரி திரும்பினாலும் அது அசைவதே தெரியாது, அதனால்தான் கண்ணால் பார்த்து 'இதோ உச்சி' என்று சொல்ல முடிவதில்லை.

## கம்ப்ரஷன் டாப்பா, எக்ஸாஸ்ட் டாப்பா?

இரண்டு சுற்றில் பிஸ்டன் இரண்டு முறை டாப்புக்கு வருகிறது. ஒன்று கலவையை அமுக்கி முடித்த கம்ப்ரஷன் டாப், மற்றது புகையை வெளியேற்றி முடித்த எக்ஸாஸ்ட் டாப். "எந்த டாப்பில் இருக்கிறது என்று தெரியாமல் கேமை மாட்டிவிட்டேன், எல்லாம் போச்சு" என்று பதறுபவர்கள் உண்டு.

பதற வேண்டாம். செயின் கழன்றிருக்கும்போது கிராங்குக்குக் கம்ப்ரஷன் டாப், எக்ஸாஸ்ட் டாப் என்ற வேறுபாடே கிடையாது, அது வெறும் டாப். எந்த டாப் எது என்று முடிவு செய்வது நாம் மாட்டும் கேம்தான். லோப்கள் ராக்கரைத் தொடாத நிலையில் மாட்டினால் அது கம்ப்ரஷன் டாப். கேமை அரைச் சுற்று திருப்பி மாட்டினால் அது எக்ஸாஸ்ட் டாப். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேம் சரியாக அரைச் சுற்று சுற்றி அடுத்த டாப்புக்கு வந்துவிடும். கடிகாரத்தில் சின்ன முள்ளை 3-க்குப் பதில் 9-ல் வைத்தது மாதிரிதான், பொருத்தம் கெடவில்லை.

இது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. பொறிக்கான சைகை மேக்னெட் பக்கத்திலிருந்து வரும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி விழும், அதில் ஒன்று வேலை செய்யும், எக்ஸாஸ்ட் டாப்பில் விழுவது வீணாகப் போகும். அதனால் கவலையில்லை. பழைய புல்லட் போல, பொறி விழ வைக்கும் பாயின்ட் அரை வேகத்தில் சுற்றும் வண்டியிலும், ஒன்றுக்கு மேற்பட்ட சிலிண்டர் உள்ள சில வண்டிகளிலும் எந்த டாப் என்பது முக்கியம்.

அப்படியென்றால் ஏன் பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்கள் கம்ப்ரஷன் டாப்பில் மாட்டச் சொல்கின்றன? அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், எந்த ஸ்பிரிங்கும் கேமைத் தள்ளாது, சக்கரத்தை மாட்டும்போது கேம் துள்ளித் திரும்பாது. வேலை சுலபம், அவ்வளவுதான்.

## செயினின் தளர்வு எந்தப் பக்கம்?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தப் பகுதிதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கிராங்க் செயினை இழுக்கிறது, செயின் கேமை இழுக்கிறது. இழுபடும் பக்கம் எப்போதும் விறைப்பாக இருக்கும், மறுபக்கம் தளர்வாக இருக்கும். நிமிர்ந்து நிற்கும் பிளாக் உள்ள பெரும்பாலான வண்டிகளில் இடப் பக்கமிருந்து பார்த்தால் கிராங்க் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும், முன்பக்கச் செயின் விறைப்பாக இருக்கும், பின்பக்கம் தளரும். டென்ஷனர் பிளாக்கின் பின்பக்கம் இருப்பது இதற்காகத்தான். அது தளர்ந்த பக்கத்தை ஒரு நீளமான பட்டையால் அமுக்கி, தளர்வை முழுவதும் தன் பக்கமே வைத்துக்கொள்ளும்.

இப்போது ஹெட்டை மாட்டிக் கேமை வைக்கும் நேரத்தை யோசியுங்கள். டென்ஷனர் இன்னும் மாட்டவில்லை. தளர்வு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அது முன்பக்கம் தேங்கியிருக்கும்போது மார்க்கைச் சேர்த்துவிட்டு "ஆச்சு" என்று போல்ட்டை இறுக்கினால், பிறகு டென்ஷனர் பின்பக்கத்தை அமுக்கியதும் அந்தத் தளர்வெல்லாம் பின்னால் இழுக்கப்படும், கேம் திரும்பிவிடும், மார்க் நகர்ந்துவிடும். மாட்டியவர் பார்த்தது உண்மைதான், ஆனால் இன்ஜின் ஓடும்போது இருக்கப்போவது வேறு நிலை.

ஆகவே, கிராங்கை டி மார்க்கில் நிறுத்தி, அது நகராமல் பிடித்துக்கொண்டு, முதலில் முன்பக்கச் செயினை நேராக விறைப்பாக மேலே இழுத்துப் பிடியுங்கள். அந்த விறைப்பு போகாமல் செயினைக் கேம் சக்கரத்தில் ஏற்றிச் சக்கரத்தைக் கேமில் பொருத்துங்கள். டென்ஷனர் மாட்டும் துளை வழியாகப் பின்பக்கப் பட்டையை விரலாலோ ஸ்க்ரூடிரைவராலோ அமுக்கிக்கொண்டே மார்க்கைப் பாருங்கள். அப்போதும் சேர்ந்திருந்தால் நல்லது. செயின் போகும் குழியில் துணியை அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், சக்கரத்தின் போல்ட் கைதவறி அந்தக் குழியில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே சரியாகிவிடும். செயினையும் ஒரு கம்பியால் கட்டித் தூக்கி வையுங்கள். தொங்கவிட்டுக் கிராங்கைச் சுற்றினால் அது கீழே கிராங்க் பல்லில் சுருண்டு மாட்டிக்கொள்ளும்.

## இரண்டு சுற்றும் மறுபார்வையும்

டென்ஷனரை மாட்டியதும் அதை விடுவிக்க வேண்டும். சுருக்கி மாட்டும் வகை டென்ஷனரை விடுவிக்க மறப்பது சகஜம், அப்படி விட்டால் செயின் தளர்ந்தே ஓடி, பல் தாண்டும்.

பிறகு ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அடைத்த துணியை எடுத்துவிட்டு, மேக்னெட் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று. இரண்டு சுற்று ஏன் என்று கேட்டால், கிராங்கின் இரண்டு சுற்றுக்குத்தானே கேம் ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும். முதல் சுற்று முடிவில் கேம் மார்க் எதிர்ப்பக்கம் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். லோப்கள் வால்வை அமுக்கும் இடத்தில் கை கொஞ்சம் கனக்கும், ஸ்பிரிங் போல மெத்தென்று எதிர்க்கும், அது இயல்பு. இரும்பில் இரும்பு முட்டிய மாதிரி சட்டென்று நின்றால் அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் வால்வுக்கு ஆகாது.

டி மார்க்கைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பி வைக்காதீர்கள். பின்னால் திருப்பினால் தளர்வு முன்பக்கத்துக்கு மாறிவிடும், மறுபடி பொய்யான நிலைதான் தெரியும். சலிக்காமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். மார்க்கைப் பார்க்கும்போது நேர் எதிரே கண்ணை வையுங்கள், சாய்வாகப் பார்த்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித் தெரியும்.

பிரிக்கும்போது செயின் கண்ணியிலும் சக்கரத்திலும் நெயில் பாலிஷ் பொட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம்தான், ஆனால் ஒரு சுற்று சுற்றியதும் அந்தப் பொட்டுகள் சேராமல் போவதைப் பார்த்து டைமிங் போய்விட்டது என்று மறுபடி பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். செயினில் 90 கண்ணி, சக்கரத்தில் 32 பல் என்றால், அதே கண்ணி அதே பல்லில் திரும்ப உட்காரக் கிராங்க் 90 சுற்று சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு பார்க்க வேண்டியது உலோகத்தில் பொறித்த மார்க்கை மட்டும்.

சுருக்கமாக: செயினை மாட்டும்போது மார்க்கைச் சேர்ப்பது வெறும் தொடக்கம். டென்ஷனர் அமுக்கிய பிறகு, சுற்றும் திசையில் இரண்டு சுற்று சுற்றி வந்து நிறுத்திய பிறகு தெரியும் மார்க்தான் கணக்கு.

## மார்க் கொஞ்சம் தள்ளி நிற்கிறதே?

நிற்கும். எல்லாம் சரியாகச் செய்தும் கேம் மார்க் ஒரு மில்லிமீட்டர் பின்னால் நிற்பது பழைய வண்டிகளில் சாதாரணம். இது ஒரு பல் தவறா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிறிய வண்டிகளில் பரவலாக வரும் டைமிங் செயினில் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தூரம் 6.35 மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். எனவே ஒரு பல் தவறினால் சக்கரத்தின் விளிம்பில் மார்க் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி நிற்பது ஒரு பல் தவறாக இருக்கவே முடியாது. அதைச் 'சரி' செய்ய ஒரு பல் நகர்த்தினால் எதிர்ப்பக்கம் 5 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். சந்தேகம் தீராவிட்டால் இப்படி முன்னும் பின்னும் ஒவ்வொரு பல் மாற்றி வைத்து எதில் மிகக் குறைவாகத் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தள்ளி நின்றால் வேறு பல்லில் மாட்ட வேண்டும், அதற்குக் குறைவாக இருந்தால் இருக்கும் பல்தான் சரி.

அந்தச் சின்னத் தள்ளல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் செயின் நீண்டதால். கண்ணிகளின் ஊசி தேயத் தேய மொத்த நீளம் கூடும், விறைப்பான பக்கம் நீளும், கேம் அந்த அளவு பின்தங்கும். ஹெட்டையோ பிளாக்கையோ சமமாக்க மேல்மட்டத்தைச் சீவியிருந்தாலும், மெல்லிய ஹெட் பேக்கிங் போட்டிருந்தாலும், கிராங்குக்கும் கேமுக்கும் நடுவிலுள்ள தூரம் குறைந்து அதே போலக் கேம் பின்தங்கும். இவ்வளவு செலவு செய்து இன்ஜினைப் பிரித்த பிறகு பழைய டைமிங் செயினையே திரும்பப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுச் செயின், தேய்ந்திருந்தால் சக்கரம், பட்டைகள் எல்லாம் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

## மார்க்கே இல்லாமல் ஒரு சோதனை

மார்க் அழிந்திருந்தாலோ, வேறு வண்டியின் சக்கரம் மாட்டப்பட்டிருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தாலோ, முன்னே சொன்ன ஓவர்லேப் உதவும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு, கிராங்கைச் சுற்றி எக்ஸாஸ்ட் டாப்பில் டி மார்க்கில் நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடியும் தறுவாயிலும் இன்லெட் வால்வு அப்போதுதான் திறக்கத் தொடங்கும் நிலையிலும் இருக்க வேண்டும். கிராங்கை இரண்டு பக்கமும் கொஞ்சமாக ஆட்டினால் ஒரு ராக்கர் இறங்க மற்றது ஏறும். சாதாரணத் தெரு வண்டிகளின் கேமில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு அமுங்கியிருக்கும் இடம் டாப்பை ஒட்டியே வரும். டாப்பில் இன்லெட் ஏற்கெனவே நன்றாகத் திறந்திருந்தால் கேம் முந்தியிருக்கிறது, எக்ஸாஸ்ட் இன்னும் நன்றாகத் திறந்திருந்தால் பின்தங்கியிருக்கிறது.

இதைவிடத் துல்லியமாக டிகிரி வட்டும் டயல் கேஜும் வைத்து அளப்பவர்கள் இருக்கிறார்கள். ரேஸ் இன்ஜினுக்கு அது தேவை, கம்பெனி கேம் போட்ட அலுவலக வண்டிக்கு வேண்டாம்.

## கம்ப்ரஷன் கேஜ் சொல்வதும் சொல்லாததும்

கேம் பின்தங்கினால் கேஜில் எண் குறையும். ரிங் புதிது, போர் புதிது, வால்வு ஒழுகவில்லை, ஆனாலும் கம்ப்ரஷன் குறைவு என்றால் டைமிங்கைச் சந்தேகப்படலாம். ஆனால் கேம் முந்தினால் இன்லெட் வால்வு சீக்கிரம் மூடுவதால் எண் நன்றாகவே வரலாம், கூடுதலாகக்கூட வரலாம். அதாவது கெட்ட எண் ஒரு துப்பு, நல்ல எண் சான்றிதழ் இல்லை.

இன்னொன்று பெங்களூர்க்காரர்களுக்காக. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு போலக் குறைவு. சென்னையில் 150 காட்டும் அதே இன்ஜின் இங்கே 135 பக்கம் காட்டினால் அதில் அதிசயம் இல்லை. சென்னையில் இருக்கும் நண்பர் தன் வண்டியின் எண்ணைச் சொன்னார் என்பதற்காக ஹெட்டை மறுபடி இறக்காதீர்கள்.

## புல்லட், இரண்டு கேம் வண்டிகள்

பழைய புல்லட்டில் டைமிங் செயின் கிடையாது, கேம்கள் கீழே வலப் பக்கம் பல் சக்கரங்களால் நேரடியாகச் சுற்றும், நீண்ட புஷ் ராடுகள் அந்த அசைவை மேலே கொண்டுபோகும். சக்கரங்களில் பொட்டு மார்க்குகள் இருக்கும், அவை ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும். செயின் இல்லாததால் தளர்வுத் தொல்லை இல்லை, ஆனால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பது அங்கேயும் உண்டு. டியூக் 390 போல இரண்டு கேம் உள்ள வண்டிகளில் கிராங்க், ஒரு கேம், மற்றொரு கேம் என்று மூன்று இடத்திலும் பொருத்தம் பார்க்க வேண்டும், அவ்வளவே வித்தியாசம். தொடங்குபவர்கள் முதல் வண்டியாக அதைப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

டைமிங் சரி என்று உறுதியான பிறகு கேம் சக்கரத்தின் போல்ட்டைப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், கம்ப்ரஷன் டாப்பில் வைத்து டேப்பெட் இடைவெளியை மறுபடி ஒருமுறை பாருங்கள். ராக்கர் கவரை மூடும் முன் லோப்களின் மேல் கொஞ்சம் ஆயில் விட்டுவிடுங்கள், இக்னிஷனை அணைத்துவைத்து ப்ளக் இல்லாமல் சில முறை கிக்கரை மிதியுங்கள். மேலே ஆயில் ஏறியது தெரிந்ததும் ப்ளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணலாம்.